பதிலரசர் காலத்துப் பெண்டிரின் பகலுடையும் நம் கரைத் துகிலும்

ஆங்கில இலக்கியத்தைப் பாடமாகக் கற்றவர் யாவரும் ஜேன் ஒஸ்ரின் என்னும் நாவலாசிரியரை அறிவர். 1775ஆம் ஆண்டிற் பிறந்து 1817ஆம் ஆண்டில் மறைந்த அவ்வம்மையாரின் கதைகளில் வரும் மங்கையர் அடிக்கடி வெளியே செல்கின்றனர். வயல்வெளிகளினூடே நடக்கின்றனர், அயல்வீட்டாரைக் காணச் செல்கின்றனர், கடைவீதியில் நாடாவும் துணியும் வாங்குகின்றனர். ஆயின், அவர்கள் எதனை உடுத்துச் சென்றனர் என்பதை ஆசிரியர் விரித்துரைப்பதில்லை. தம் காலத்து வாசகர்க்கு அது சொல்லாமலே விளங்குமென விட்டுவிட்டார். இரு நூற்றாண்டுகள் கழிந்தபின் வாவிக்கரையிலிருந்து அந்நூல்களைப் படிக்கும் நமக்கோ அது விளங்குவதில்லை. ‘பெலீஸ்’, ‘ஸ்பென்ஸர்’, ‘பொனெற்’ என்னுஞ் சொற்கள் எதிர்ப்படும்போது, ஒருவகை அங்கி, ஒருவகைத் தொப்பி என்று ஏட்டின் ஓரத்திற் குறித்துக்கொண்டு அப்பாற் செல்கின்றோம்.

பிறநாட்டு இலக்கியத்தைத் தமிழ்க் கண்கொண்டு நோக்கும் வழக்கம் இம்மண்ணிற் புதியதன்று. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1926ஆம் ஆண்டில் ‘மதங்க சூளாமணி’ என்னும் நூலை வெளியிட்டு, ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்து காட்டினார். அவர் நாடகத்துக்குச் செய்ததை நாம் ஒரு சிறு துறையிற் செய்து பார்க்கலாம். ஆங்கில மங்கையர் பகற்பொழுதில் வெளியே செல்லும்போது அணிந்த உடைகளை முதலில் ஒழுங்காக அறிந்துகொள்வோம். பின்னர் அத்துணி எங்கிருந்து வந்தது, அதனை நெய்தவர் யாது ஆயினர், அதே ஆண்டுகளில் நம் தமிழ் மங்கையருள் ஒருசாரார் வெளியே செல்லும்போது எதனை அணியலாம், எதனை அணியலாகாது என்றிருந்தது ஆகியவற்றை நோக்குவோம். உடையை முற்ற அறிதலாவது, அதனை நெய்தவரையும் அணிந்தவரையும் அணியலாகாதெனத் தடுக்கப்பட்டவரையும் ஒருங்கே அறிதலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

காலமும் அதன் பெயரும்

இங்கிலாந்தின் மன்னர் மூன்றாம் ஜோர்ஜ் மனநோயுற்று அரசாளும் ஆற்றலை இழந்தமையால், 1811 பெப்ரவரி 5ஆந் தேதி அவருடைய மூத்த மைந்தர் பதிலரசராகப் பொறுப்பேற்றார். 1820 சனவரி 29இல் மன்னர் இறக்க, அவரே நான்காம் ஜோர்ஜ் என அரியணை ஏறினார். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளையே வரலாற்றார் ‘றீஜென்சி’ காலம் என்பர். நாம் பதிலரசர் காலம் எனலாம். உடை வரலாறு எழுதுவோர் இக்காலத்தைச் சற்று விரித்து, ஏறத்தாழ 1795 முதல் 1820 வரை ஒரே பாணி நிலவியதாகக் கொள்வர்.

இவ்வாண்டுகள் நம் நாட்டுக்கும் பெரிய ஆண்டுகளே. 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் திருகோணமலையையும் அடுத்து மட்டக்களப்புக் கோட்டையையும் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். 1815 மார்ச்சு 2ஆந் தேதி கண்டி ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதே ஆண்டு யூன் 18இல் வோட்டர்லூப் போர்க்களத்தில் நெப்போலியன் வீழ்ந்தான்.

பாணி மாறிய காரணம்

பதினெட்டாம் நூற்றாண்டின் உயர்குடி ஆங்கிலப் பெண்கள் பக்கங்களில் வளையங்கள் வைத்து விரிக்கப்பட்ட பாவாடையும், உடலை இறுக்கும் கச்சும், கனத்த பட்டும் அணிந்தனர். நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளில் இவை பெரும்பாலும் மறைந்தன. இடைக்கோடு மேலேறி மார்பின் கீழே நின்றது. அவ்விடத்திலிருந்து மெல்லிய வெண்டுணி நேரே கணுக்கால்வரை விழுந்தது. தூரத்தே நின்று நோக்குவார்க்கு அவள் ஒரு வெண்கற்றூண் போலத் தோன்றுவாள்.

இம்மாற்றத்துக்குக் காரணம் மூன்று. முதலாவது, இத்தாலியில் எரிமலைச் சாம்பலுள் புதைந்து கிடந்த ஹெர்குலேனியம், பொம்பெயி என்னும் நகரங்களை முறையே 1738, 1748 ஆகிய ஆண்டுகளில் அகழத் தொடங்கினர். அங்கே கண்ட சுவரோவியங்களும் சிலைகளும் கிரேக்க உரோம வேட்கையை ஐரோப்பா எங்கும் பரப்பின. இரண்டாவது, 1789ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் புரட்சி அரண்மனைப் பகட்டை வெறுக்கத்தக்கதாக்கியது. மூன்றாவது காரணமே நமக்கு மிக நெருங்கியது. கற்சிலையின் மடிப்பைப் போல விழத்தக்க மெல்லிய பருத்தித்துணி ஐரோப்பியர் கையிற் கிடைத்திருந்தது. அத்துணி இந்தியாவிலிருந்து வந்தது.

பகலுடையின் உறுப்புகள்

அக்கால ஆங்கிலேயர் வழக்கில் ‘காலை’ என்பது மாலை உணவுவரை நீண்டது. ஆகவே பிற்பகல் மூன்று மணிக்கு ஒருவர் வீட்டுக்குச் செல்லினும் அது ‘காலைச் சந்திப்பு’ எனப்பட்டது. இதனை அறியாது படிக்கும் மாணவர் கதையின் நேரத்தைத் தவறாகக் கொள்ள நேரும். இவ்வாறு நீண்ட பகலுக்குள்ளும் உடைகள் வகுக்கப்பட்டிருந்தன. வீட்டுக்குள் அணிவது காலையுடை; நடந்து செல்ல அணிவது உலாவுடை; திறந்த வண்டியிற் செல்ல அணிவது வண்டியுடை; குதிரையேற்றத்துக்குத் தனியுடை. இரவு விருந்துக்கு உரியது கழுத்தும் தோளும் தோன்றுவது. பகலுக்குரியதோ கழுத்துவரை மூடி மணிக்கட்டுவரை கை நீண்டது. கழுத்துப்பகுதி தாழ வெட்டப்பட்டிருப்பின் உள்ளே மெல்லிய துணியொன்றைச் செருகி மறைப்பர்.

உலாவுடையின் அடிப்படை மஸ்லின் அல்லது வேறு மெல்லிய பருத்திச் சட்டையே. அதன்மீது அணிந்தவை பின்வருமாறு:

ஸ்பென்ஸர்: இது மார்பளவில் நின்றுவிடும் குட்டை மேற்சட்டை, நீண்ட கையுடையது. ஸ்பென்ஸர் பிரபு என்னும் ஆங்கிலக் கனவானின் பெயரால் வழங்குவது. அவருடைய வாற்சட்டையின் வால் தீயிற் கருகியபோது அதனை வெட்டியெறிந்து எஞ்சியதை அணிந்தார். அதிலிருந்தே இப்பாணி தோன்றிற்று என்பர். முதலில் ஆடவர் அணிந்த இதனை விரைவிற் பெண்கள் தமதாக்கிக்கொண்டனர். வெண்சட்டையின்மீது கடுநிற ஸ்பென்ஸர் எடுப்பாகத் தோன்றும்.

பெலீஸ்: இது கழுத்திலிருந்து கணுக்கால்வரை முன்புறந் திறந்து நீளும் மேலங்கி. ஹங்கேரிய ஹுஸார்க் குதிரைவீரர் அணிந்த மென்மயிர்ச் சட்டையிலிருந்து பெயரும் வடிவும் பெற்றது. போர்க்காலமாதலின் வீரர் உடையிற் காணும் கயிற்றுப் பின்னலும் வரிசைப் பொத்தானும் பெண்களின் பெலீஸிலும் ஸ்பென்ஸரிலும் ஏறின.

சால்வை: குளிர்காலத்துக்குக் காசுமீரச் சால்வையே எல்லாரும் விரும்பியது. விலை மிகுதியாதலால் நோர்விச், எடின்பரோ, பெய்ஸ்லி ஆகிய ஊர்களில் அதனைப் பார்த்து நெய்தனர். நம் சீலைக் கரைகளில் மாங்காய் என்று நாம் சொல்லும் வளைந்த வடிவம் இன்று உலகெங்கும் பெய்ஸ்லி என்னும் அந்த ஸ்கொத்லாந்து ஊரின் பெயரால் வழங்குகின்றது. உருவம் கிழக்கினது, பெயர் மேற்கினது.

பொனெற்: இது முகத்தைச் சுற்றி முன்னே நீண்ட விளிம்புடைய தலையணி, தாடையின்கீழ் நாடாவாற் கட்டப்படுவது. வைக்கோற் பின்னலாற் செய்தவை பகலுக்குச் சிறந்தன. நெப்போலியப் போரால் இத்தாலிய வைக்கோற் பின்னல் வருவது தடைப்படவே, இங்கிலாந்தின் பெட்போட்ஷயர் நாட்டுப்புறத்திலே லூற்றன், டன்ஸ்ரபிள் முதலிய ஊர்களில் ஏழைப் பெண்களும் சிறுவர்களும் பின்னும் தொழில் ஓங்கிற்று. பன்னும் பனையோலையும் இழைக்கும் கைகளை அறிந்த நமக்கு அவ்வுழைப்பின் தன்மை விளங்காமற் போகாது.

இவற்றோடு கையுறையும் வெயிற்குடையும் உண்டு. சட்டை நேரே விழுவதாற் பழைய நாட்போல உள்ளே பை கட்டினால் அது புடைத்துத் தோன்றும். ஆகவே ‘ரெற்றிக்கியூல்’ என்னும் சுருக்குப்பையைக் கையிற் கொண்டனர். இன்று பெண்கள் கையிற் கொள்ளும் பைக்கு அதுவே முன்னோடி. காலுக்குக் கணுக்கால்வரை உயர்ந்த அரைச்சப்பாத்து. சேற்று வழியிற் செல்ல, இரும்பு வளையத்தின்மேல் மரப்பலகை பொருத்திய மிதியடியைச் சப்பாத்தோடு சேர்த்துக் கட்டுவர்.

இவற்றை நாடறியச் செய்தவை மாத இதழ்கள். 1806இல் தொடங்கிய ‘லா பெல் அசெம்பிளே’யும், றூடொல்ப் அக்கர்மன் 1809 முதல் 1829 வரை வெளியிட்ட ‘றெப்பொசிற்றரி’யும் கையால் வண்ணந் தீட்டிய உடைப்படங்களை வெளியிட்டன. நாட்டுப்புறப் பெண்கள் அவற்றைக் கண்டு வீட்டுத் தையற்காரியிடம் காட்டித் தைப்பித்தனர். அக்கர்மனின் இதழிற் சில பக்கங்களில் உண்மைத் துணியின் சிறு துண்டுகளே ஒட்டப்பட்டிருந்தன. அவை பிரித்தானிய ஆலைகளிற் செய்த துணிகள் என்பதை மாணவர் மனத்திற் கொள்க. அதன் பொருள் பின்னர் விளங்கும்.

நடந்து செல்லும் உரிமை

இங்கிலாந்திற் குலத்துக்கும் நிலைக்கும் ஏற்ப உடையை வரையறுத்த பழைய சட்டங்கள் 1604ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டன. எனவே பதிலரசர் காலத்துப் பெண் எதனை அணிவது என்பதைச் சட்டங் கூறவில்லை. பணமும் ஊர்வாயும் கூறின. வெண்டுணியின் பெருமை அதன் விலையில் மட்டும் இல்லை. ஒருமுறை அணிந்தால் அழுக்காகும் உடையை நாடோறும் அணிபவள், அதனை வெளுத்துக் கஞ்சியிட்டுத் தேய்த்துக் கொடுக்கப் பணியாட்கள் உடையவள் என்பது கண்டார்க்குத் தெரியும். பொனெற்றும் வெயிற்குடையும் முகத்தின் வெண்மையைக் காத்தன. வெயிலிற் கறுத்த முகம் வயலில் உழைப்பவளின் அடையாளம் எனக் கருதப்பட்டது.

1813ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பெருமிதமும் தப்பெண்ணமும்’ என்று நாம் பெயர்க்கத்தக்க நாவலில் இவ்விரண்டும் வருகின்றன. தலைவி எலிசபெத் நோயுற்ற தமக்கையைக் காண மூன்று மைல் தூரம் தனியே சேற்றில் நடந்து செல்கிறாள். அவள் பாவாடையின் விளிம்பிற் படிந்த சேற்றைச் செல்வர் வீட்டுப் பெண்கள் எள்ளி நகையாடுகின்றனர். பிறிதோரிடத்திற் பயணத்தால் அவள் நிறங் கறுத்துவிட்டதென்று குறை கூறுகின்றனர். வெறுஞ் சேற்றையும் வெயிலையும் பற்றிய பேச்சாகத் தோன்றும் இவ்விடங்கள், ஒரு பெண் துணையின்றித் தன் காலால் வெளியிற் செல்லலாமா என்னும் வினாவையே உள்ளடக்கியவை. அவள் அணிந்தது நடப்பதற்கென்றே பெயர்பெற்ற உடை. ஆனால் உண்மையாகவே நடந்து அதனை அழுக்காக்கியது குற்றமாயிற்று. உடையை அறிந்த மாணவன் இக்காட்சியின் கூர்மையை உணர்வான். அறியாதவன் அதனை வெறும் வம்புப்பேச்செனக் கடந்து செல்வான்.

துணி பிறந்த இடம்

இனி அத்துணியைப் பின்தொடர்வோம். ஜேன் ஒஸ்ரினின் மறைவுக்குப் பின் 1817இன் இறுதியில் வெளிவந்த ‘நோர்தேங்கர் அபி’ என்னும் நாவலில் ஓர் இளைஞன், தன் தங்கைக்கு வாங்கிய மஸ்லின் உண்மையான இந்திய மஸ்லின் என்றும், யார் ஒன்று ஐந்து ஷில்லிங்குக்கே பெற்றதாகவும் பெருமை பேசுகின்றான். 1814ஆம் ஆண்டின் ‘மான்ஸ்பீல்ட் பார்க்’கில் ஒரு செல்வச் சீமாட்டி, கடற்படையிற் சேர்ந்த இளைஞன் கீழைநாடுகளுக்குச் செல்வானாயின் தனக்குச் சால்வை கொண்டுவருதல் வேண்டுமென்கிறாள். அவ்வாசிரியரின் வாசகர்க்கு இந்தியா என்பது துணி வருமிடம்.

அவர் குடும்பத்துக்கே நம் கடலோடு தொடர்புண்டு. அவருடைய தந்தையின் தமக்கை பிலடெல்பியா இளமையில் இலண்டனிலே தலையணி தைக்கும் தொழில் பயின்றவர். சீதனமில்லாத அப்பெண் 1752ஆம் ஆண்டிற் கப்பலேறிச் சென்னை வந்திறங்கி, அடுத்த ஆண்டு கடலூரிற் கும்பினி மருத்துவர் ஒருவரை மணந்தார். ஜேனின் தம்பி சார்ள்ஸ் ஒஸ்ரின், கீழைக் கடற்படைக்குத் தலைமை தாங்கி 1852ஆம் ஆண்டிற் பர்மாவில் இறந்தார். அவருடைய உடல் நமக்கு வடக்கே திருகோணமலையில் அடக்கஞ் செய்யப்பட்டது. உலகறிந்த அந்நாவல்களின் ஆசிரியரது உடன்பிறந்தவர் நம் கிழக்குக் கரை மண்ணில் துயில்கின்றார் என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

மிக நுண்ணிய மஸ்லின் வங்காளத்தின் டாக்காவிலிருந்து சென்றது. சோழமண்டலக் கரையோ சாயத்துணிக்கும் கட்டத்துணிக்கும் உறுதியான வெண்டுணிக்கும் பெயர்பெற்றது. கைக்கோளர், சாலியர், தேவாங்கர் முதலிய நெசவுக் குடிகள் ஊரூராக வாழ்ந்தனர். அவர்களைத் தன் கோட்டைக்கு அருகிலே குடியேற்றுதற்கென்றே கும்பினி 1734ஆம் ஆண்டிற் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தது. பழவேற்காட்டுக் கட்டக்குட்டைகள் சென்னைக் கைக்குட்டை என்ற பெயரால் இங்கிலாந்துக்கும் ஆபிரிக்காவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்றன. அக்கரைச் சீத்தைத் துணியின் செந்நிறத்துக்கு வேண்டிய சாயவேர், இந்தியக் கரையில் மட்டுமன்றி இலங்கையின் வடபுலத்திலும் அகழப்பட்டது. ஒல்லாந்த அரசும் பின்னர் ஆங்கில அரசும் அதனைத் தமக்குரிய வருவாயாக வைத்திருந்தன.

நுண்டுகில் நம்மவர்க்குப் புதிய பொருளன்று. துகில், கலிங்கம், அறுவை எனப் பழந்தமிழ் அதற்குப் பல பெயர் வழங்கியது. பொருநராற்றுப்படை நெசவின் நுண்மைக்குப் பாம்புரியை உவமை கூறும். இலண்டன் மங்கை கிரேக்கச் சிலையைப் பார்த்து விரும்பிய மென்மையை, நம் நெசவாளன் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தறியிற் கண்டிருந்தான்.

தறி ஓய்ந்த வரலாறு

ஆங்கில நெசவாளர் இத்துணியை அஞ்சினர். 1700ஆம் ஆண்டிலும் 1721ஆம் ஆண்டிலும் இயற்றிய சட்டங்களால் அச்சிட்ட பருத்தித்துணியின் வரவும் பயனும் தடுக்கப்பட்டன. 1774ஆம் ஆண்டுவரை அத்தடை நீடித்தது. அந்த இடைவெளியிற் பொறிகள் பிறந்தன. 1769இல் ஆர்க்ரைட் நீராற்றலால் நூற்கும் பொறிக்கு உரிமை பெற்றார். 1779இல் குரொம்ரன் அமைத்த பொறி, மஸ்லினுக்கு ஏற்ற நுண்ணூலை இங்கிலாந்திலேயே நூற்க இடந்தந்தது. பதிலரசர் காலத்தில் லங்காஷயரும் ஸ்கொத்லாந்தும் தம் மஸ்லினைப் பெருவாரியாக விற்றன. அக்கர்மனின் இதழில் ஒட்டிய துணித்துண்டுகளின் பொருள் இதுவே: உள்நாட்டுத் துணியை வாங்குவீர் என அவை சொல்லாமற் சொல்லின.

பொறிக்கு வேண்டிய பஞ்சு எங்கிருந்து வந்தது என்பதும் கேட்கத்தக்கது. அதன் பெரும்பகுதியை அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகள் பயிரிட்டனர். பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் பொறி 1793இல் அமைந்தபின் அவ்வடிமைத் தோட்டங்கள் மேலும் பரந்தன.

1813ஆம் ஆண்டிற் பார்ளிமென்று கும்பினியின் இந்திய வாணிக ஏகபோகத்தை நீக்கிற்று. அதன்பின் ஆலைத்துணியும் ஆலைநூலும் இந்தியத் துறைமுகங்களில் வந்து குவிந்தன. இந்தியத் துணி இங்கிலாந்துக்குட் செல்லக் கடுந்தீர்வை இருந்தது. ஆங்கிலத் துணி இந்தியாவுக்குள் வரச் சிறுதீர்வையே இருந்தது. ஒரு தலைமுறைக்குள் வாங்கியவன் விற்பவனானான், விற்றவன் வாங்குபவனானான். இளைஞன் ஒருவன் உண்மை இந்திய மஸ்லின் என்று பெருமை பேசும் நாவல் அச்சேறிய ஆண்டிலேயே, அம்மஸ்லினை நெய்தோர் தொழிலிழந்துகொண்டிருந்தனர்.

அதே ஆண்டுகளில் தென் திருவிதாங்கூர்

நெய்த துணிக்கு விலையிழந்தவரைக் கண்டோம். துணி கையிலிருந்தும் அணியத் தடுக்கப்பட்டவரையும் காணல் வேண்டும். அதற்கு நாம் இலண்டனுக்குச் செல்ல வேண்டியதில்லை. மன்னார்க் கடலுக்கு அப்பால், குமரிமுனையை அடுத்த தமிழூர்களுக்குச் சென்றாற் போதும். அக்காலத்தில் அவை திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தன.

அங்கே உடை குலத்துக்குக் குலம் வரையறுக்கப்பட்டிருந்தது. நாடார் குலத்தாரும் அவர்க்குக் கீழாக வைக்கப்பட்ட குலத்தாருமாகிய பெண்கள் இடைக்கு மேலே உடலை மறைத்து வெளியே வருதல் கூடாது. மேலாடை உயர்குலத்தாரின் அடையாளம். உயர்ந்தோர் முன்னே அதனை நீக்குதல் பணிவு எனப்பட்டது. இப்பெண்கள் சந்தைக்கும் வேலைக்கும் நாள்தோறும் வெளியே சென்றவர்கள். ஆகவே இவ்விழிவு வீட்டுக்குள் மறைந்த ஒன்றன்று. பட்டப்பகலில் தெருவில் நிகழ்ந்தது.

சீர்திருத்தக் கிறித்தவ ஊழியம் அங்கே பரவியபோது, அதனைத் தழுவிய பெண்கள் மேலுடை அணியத் தொடங்கினர். அரசின் திவானாகவும் ஆங்கில றெசிடென்ராகவும் இருந்த கேணல் ஜோன் மன்றோ 1812க்கும் 1814க்கும் இடையிற் பிறப்பித்த ஆணைகள், கிறித்தவராகிய நாடார்ப் பெண்கள் குப்பாயம் என்னும் சட்டையை அணிய இசைவு தந்தன. உயர்குலத்தாரைப்போலத் தோள்மீது சீலையிடுதற்கு இசைவு தரவில்லை. பெண்களோ தோள்சீலையும் அணிந்தனர். 1822ஆம் ஆண்டிலும் மீண்டும் 1820களின் இறுதியிலும் கலகம் மூண்டது. சந்தையிற் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது; வழிபாட்டு மனைகளும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1829ஆம் ஆண்டின் அரசாணை தோள்சீலையை மீண்டுந் தடுத்தது. 1859ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பெருங்கலகம் எழுந்தது. சென்னை ஆளுநர் சேர் சார்ள்ஸ் திரெவெலியன் அரசை நெருக்கவே, அவ்வாண்டு யூலை 26இல் நாடார்ப் பெண்கள் யாவரும் மேலுடல் மறைக்கலாம் என்னும் ஆணை பிறந்தது. அப்பொழுதும் உயர்குலத்தார் உடுக்கும் முறையில் உடுத்தலாகாது என்னும் வரம்பு நின்றது.

இப்போராட்டம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடந்தது. இதனை ஆங்கில ஆளுநரும் ஊழியரும் அளித்த கொடையென்று சுருக்குதல் பொருந்தாது. ஆணை வருமுன்பும் வந்தபின்பும் தெருவில் அடிபட்டவர் அப்பெண்களே. கிழிக்கப்பட்ட சீலையை மறுநாளும் அணிந்து வந்தவர் அவர்களே. அவ்வூர்கள் 1956 நவம்பர் 1ஆந் தேதி தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின.

இரு நாடுகளையும் ஒப்பிடுக. இங்கிலாந்தின் உயர்குடிப் பெண் பகலில் முழுதும் மூடிச் செல்லுதல் அவள் தகுதிக்கு அடையாளம். தென் திருவிதாங்கூரின் உழைக்கும் பெண் மூடாமற் செல்லுதல் அவள் தாழ்வுக்கு அடையாளம். ஒருத்திக்கு ஊர்வாய் காவல். மற்றவளுக்கு அரசாணையே காவல். உடலை மறைப்பதோ திறப்பதோ இயல்பாக உயர்வுமன்று, இழிவுமன்று. யார் விரும்பி எதனை அணிகின்றார், யார் கட்டாயத்தால் எதனை அணிகின்றார் என்பதே அளவுகோல். அழகிய உடைப்படம் ஒன்றைப் பார்க்கும் மாணவன் இவ்வினாவை மறவாதிருத்தல் வேண்டும்.

நமக்கு எஞ்சியிருக்கும் வேலை

ஜேன் ஒஸ்ரினுக்குரியதெனக் கருதப்படும் பெலீஸ் ஒன்று இன்றும் இருக்கின்றது. கபில நிறப் பட்டிற் பொன்னிறச் சிந்தூர இலை வடிவம் நெய்யப்பட்டது; 1812க்கும் 1814க்கும் இடைப்பட்டதென மதிப்பர். குடும்பத்தார் வழிவழியாகப் பேணி வைத்திருந்த அவ்வங்கி இப்பொழுது ஹாம்ப்ஷயர் நாட்டின் அருங்காட்சித் தொகுப்பில் உள்ளது. ஆராய்ச்சியாளர் அதனைத் தையல் தையலாக அளந்து, அதேபோன்ற அங்கியொன்றைத் தைத்துப் பார்த்தனர். அணிந்தவர் ஐந்தடி ஆறு அங்குலத்துக்குக் குறையாத உயரமும் மெலிந்த உடலும் உடையவர் என அறிந்தனர். ஏட்டில் எழுதப்படாத செய்தியைத் துணி சொல்லிற்று. ஒரு பெட்டியில் ஓர் அங்கி எஞ்சியமையால் இவ்வளவும் அறியக் கிடைத்தது.

வாவிக்கரையின் இருமருங்கும் வாழ்ந்த நம் பாட்டிமாரின் உடை பற்றி நாம் இவ்வாறு எவ்வளவு சொல்ல முடியும்? கொய்யகம் எவ்விடத்தில் வைத்தனர். வயலுக்குச் செல்லும்போது சீலையை எவ்வாறு வரிந்து கட்டினர். கோயிலுக்குச் செல்ல எதனை உடுத்தனர். மேற்சட்டை எந்தத் தலைமுறையில் வந்தது. முஸ்லிம் பெண்களின் முக்காட்டுத் துணி எத்தறியில் நெய்யப்பட்டது. பறங்கியர் வீட்டுப் பெண்களின் சட்டையை யார் தைத்தனர்? இவ்வினாக்களுக்கு விடையளிக்கும் பெட்டிகள் பல அழிந்தன. 1978 நவம்பர் 23ஆந் தேதிச் சூறாவளியும், நீண்ட போரும், 2004 திசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலையும் வீடுகளோடு நிழற்படங்களையும் பழந்துணிகளையும் கொண்டு சென்றன. எஞ்சியவையேனும் கறையானுக்கு இரையாகாதிருத்தல் வேண்டும்.

கல்முனைக்கு வடக்கேயுள்ள மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே தறியின் ஒவ்வோர் உறுப்புக்கும், பாவோட்டும் ஒவ்வொரு செயலுக்கும் நெசவாளர் வாயிற் பெயருண்டு. அச்சொற்களை அகராதியிலிருந்து எடுத்தல் அரிது. தறியருகே சென்று அமர்ந்து கேட்டல் வேண்டும். மூத்த நெசவாளர் உயிரோடிருக்கும்போதே அதனைச் செய்தல் நன்று.

இப்பணிக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. பழைய மாணவர் தத்தம் வீட்டிலுள்ள பழஞ்சீலை, சட்டை, நிழற்படம் ஆகியவற்றை எடுத்து, அணிந்தவர் யார், எவ்வாண்டு, எந்நிகழ்ச்சிக்கு, துணி எங்கு வாங்கியது என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வைக்கலாம். மாணவர் தம் பாட்டியாரிடம் அவர் முதன்முதல் தனியே கடைத்தெருவுக்குச் சென்ற நாளையும், அன்று உடுத்ததையும், அதற்கு வீட்டார் கூறியதையும் கேட்டு எழுதலாம். ஆசிரியர் அவற்றைத் திரட்டிக் கல்லூரி நூல்நிலையத்தில் ஓர் அலுமாரியில் வைக்கலாம். துணியை வெயில் படாமல், ஈரம் ஏறாமல், மடிப்பு ஒரேயிடத்தில் நில்லாதவாறு அடிக்கடி மாற்றி மடித்து வைத்தல் வேண்டும். வேப்பிலையை வெள்ளைத்துணியில் முடிந்து அருகில் இடலாம்.

இங்கிலாந்தின் ஒரு சிற்றூர்ப் பெண் சேற்றில் நடந்த மூன்று மைலை உலகம் இன்றும் படிக்கின்றது. வாவியைத் தோணியிற் கடந்து, வயல்வரம்பில் நடந்து, சந்தைக்குச் சென்று மீண்ட நம் பெண்டிரின் வழிநடையும் அத்துணைச் சிறப்புடையதே. அதனை எழுதுவார் இவ்விரு தலைமுறைக்குள் எழுந்தாலன்றி, எழுதுதற்கு வேண்டிய சான்று எஞ்சாது.